நவமணியின் பிழைப் பட்டியல்

ஏப்ரல் 7, 1934. சனி.

காலையில் தபாலாபீஸ். வழக்கம்போல் வேண்டியதை இங்கிலீஷில் சீட்டில் எழுதி, கவுண்டரில் இருந்த யுரேஷியக் குமாஸ்தாவின் முன் தள்ளினேன். முத்திரை கிடைத்தது. வாய் திறக்க வேண்டி வரவில்லை.

முப்பத்தெட்டு ஆண்டு கோர்ட்டில் இங்கிலீஷ் பதிவேடு எழுதியவன் நான். என் வாக்கியங்களை மாஜிஸ்திரேட்டுகளே மெச்சியிருக்கிறார்கள். ஆனால் அந்த மொழியைப் பேசுவதில்லை. இது வீட்டில்கூடத் தெரியாது.

மாலையில் பினாங்கு ஸ்திரீட் வாசகசாலை. விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் காலேஜ் மாணவர்கள் ஐந்தாறு பேர் சனிக்கிழமைதோறும் அங்கே கூடி இங்கிலீஷ் பேசிப் பழகுகிறார்கள். தமிழோ மலாயோ வாயில் வந்துவிட்டால் கையில் ஒரு ஜாதிக்காய் ஏறும். இன்னொருவர் தவறும் வரை அதை வைத்திருக்க வேண்டும். காய் அப்துல் ரசாக்குடையது. பாலிக் புலாவில் அவன் வீட்டாருக்குத் தோட்டம்.

என்னைப் பிழை குறிக்கச் சொன்னார்கள். பேச வேண்டியதில்லை என்பதால் சம்மதித்தேன்.

அவர்களில் ஒரே பெண் நவமணி, ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் ராமசாமியின் மகள். மார்ச்சில் வாய்மொழித் தேர்வில், வெள்ளைக்கார ஆசிரியர்கள் முன் ஒரு சொல்லும் வராமல் நின்றாளாம். ஜூனில் மறுதேர்வு. அதிலும் தவறினால் காலேஜை விட்டு வர வேண்டியதுதான். பிறகு கல்யாணம் என்று தகப்பனார் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 14

நவமணி – 31 பிழைகள். தேதியிட்டு, வகை பிரித்து, சிவப்புப் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 28

நவமணி – 14. பட்டியல் பலன் தருகிறது. வழியில் ராமசாமியைப் பார்த்துச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. நானும் ஒருவருக்கு உபயோகப்படுகிறேனோ?

மே 5

மூன்று. மூன்றே பிழைகள்.

மே 6. ஞாயிறு.

ரசாக் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அவ பிழை குறையல லா, பேச்சுதான் கொறஞ்சு போச்சு. நேத்து மொத்தமே ஆறு வாக்கியம். நீங்க பென்சில எடுத்தா அவ கண்ணு அங்கதான் போகுது."

அவன் போனபின் நோட்டைத் திறந்தேன். பிழைகளை எண்ணியிருக்கிறேன். எவ்வளவு பேசினாள் என்று ஓரிடத்திலும் குறிக்கவில்லை. முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் பேசினாள் என்று நினைவு – நிச்சயமில்லை. இதுவா என் முறை? ஒரு பொண்ணோட வாயக் கட்டிப்போட்டுட்டு, முன்னேற்றம்னு அவ அப்பன்கிட்டயே போய்ச் சொல்லிருக்கேனே.

எனக்கு இது தெரியாதா? 1896-இல் ஒரு துரை நான் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திருத்தி, மற்றக் குமாஸ்தாக்கள் முன் திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்ல வரவில்லை. அன்றிலிருந்துதான் சீட்டுகள்.

மே 12

போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு முறை செருப்பைக் கழற்றினேன். பிறகு போனேன், பென்சில் இல்லாமல்.

எனக்கு இங்கிலீஷ் எழுதத்தான் வரும், பேச வராது என்று அவர்களிடம் தமிழில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. தமிழ் பேசியதற்காக ரசாக் ஜாதிக்காயை என் கையில் வைத்தான்.

எழுந்து நின்றேன். பதிவறையைப் பற்றி, கரையான் அரித்த காகிதக் கட்டுகளைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். எழுதினால் ஓடி வரும் சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. நடுவில் நின்றுபோனேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அப்போது நவமணி இங்கிலீஷில் கேட்டாள்: அந்தக் கட்டுகளைப் பிறகு என்ன செய்தீர்கள்?

சொன்னேன். மறுபடி கேட்டாள். அவள் கேள்விகளிலும் பிழைகள் இருந்தன. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பை காலி. கால்மணி நேரம் இப்படியே போயிற்று. முடிவில் அவள்தான் அதிகம் பேசிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் தமிழில், "ஐயா, நீங்க என்னைவிட மோசம்" என்றாள். ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

மே 13

ராமசாமியிடம் போய், நான் சொன்ன கணக்கு தவறு என்று சொன்னேன். அவர் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

மே 26

நவமணி கப்பலேறினாள். துறைமுக ஜெட்டியில் தள்ளி நின்றுகொண்டேன். ராமசாமி என் பக்கம் திரும்பவில்லை. ஜாதிக்காயை அவள் எடுத்துப் போய்விட்டதாக ரசாக் சொன்னான்.

மே 27

தேறுவாளா? மூன்று சனிக்கிழமை நான் கெடுத்தேன். அதற்குப் பின் கிடைத்தது இரண்டுதான்.

ஜூன் 14

கடிதம் வந்தது. தேறியிருக்கிறாள், பட்டியலில் கடைசிப் பெயராக.

'முதல் கேள்விக்கே தப்பாகச் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது. அங்கே உங்கள் மாதிரி ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். நிறுத்தாமல் பேசினேன்' என்று எழுதியிருக்கிறாள்.

உங்கள் மாதிரி. அந்த இடத்தை நாலைந்து முறை படித்தேன்.

பதில் எழுதி எடுத்துக்கொண்டு தபாலாபீஸ் போனேன். முத்திரைக்குச் சீட்டும் எழுதி வைத்திருந்தேன். என்னைக் கண்டதும் குமாஸ்தா வழக்கம்போல் கையை நீட்டினார். நான் சீட்டை எடுக்கவில்லை. சிங்கப்பூருக்கு ஒரு முத்திரை வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். திரும்பச் சொல்லுங்கள் என்றார்.

திரும்பச் சொன்னேன்.