வோர்ம்ஸ் மயானத்தில் இரண்டு கூழாங்கற்கள்

மச்சாள்,

இன்று காலை பழைய சூட்கேஸ் ஒன்றை எடுக்கக் கெலருக்கு, அடிநிலவறைக்கு, இறங்கினேன். கதவைத் திறந்ததும் ஈரக் கல்லின் மணம் முகத்தில் வந்து பட்டது. மூன்று நாள் மழையைச் சுவர் குடித்திருக்க வேண்டும். விளக்கைப் போடாமல் அப்படியே நின்றுவிட்டேன். ஸ்டுட்கார்ட்டில், எங்கள் வீட்டுக்கு அடியில் நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. ஸ்பையர் நகரத்தின் அந்தப் படிகளில், உமக்கு இரண்டு படி பின்னால், சுவரைத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயணம் உம்முடைய யோசனை. நீர் வேலை செய்த முதியோர் இல்லத்தில் யாரோ விட்டுப்போன சஞ்சிகை ஒன்றில் அந்தப் படத்தைக் கண்டீர். நிலத்துக்கு அடியில் ஒரு குளியல் கேணி. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் யூதர்கள் கட்டியது. ஞாயிறு போவோமா என்று கேட்டீர். உமக்கு ஊர் பார்ப்பதென்றால் ஆசை; இதுவும் அப்படித்தான் என்று நினைத்து வந்தேன்.

மேலே நல்ல வெயில். இறங்க இறங்கக் காற்று குளிர்ந்தது, மற்றவர்களின் பேச்சுச் சத்தம் மெல்ல மெல்ல மேலேயே தங்கிவிட்டது. அடியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. உச்சியில் இருந்த திறப்பின் வழியாக வெளிச்சம் ஒரு துண்டு இறங்கி அதன்மேல் படுத்திருந்தது. நீர் படியில் உட்கார்ந்தீர். பிறகு, "கீரிமலைக் கேணி மாதிரிக் கிடக்கு" என்றீர்.

யாழ்ப்பாணத்துக் கீரிமலை எங்களுக்குக் குளிக்கிற இடம் மட்டுமில்லையே. ஆடி அமாவாசைக்கு இறந்தவர்களை நினைத்து முழுகுகிற இடம். உம்மைக் கட்டிய என் தம்பிக்காக நீர் ஒரு வருஷமும் எதுவும் செய்ததில்லை. அவனை இறந்தவர்களோடு சேர்க்க நீர் சம்மதிக்கவில்லை.

அவன் போனதற்குக் காரணம் நான். அம்மாவுக்கு நோய் கடுமை என்று யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வந்தபோது நான் நிறைமாதம். பறக்க முடியாது. நீ ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வா என்று நான்தான் அவனிடம் போனில் சொன்னேன். போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் அம்மாவுக்கு மருந்து வாங்க வீட்டிலிருந்து புறப்பட்டவன் திரும்பி வரவில்லை. சண்டைக் காலம்; என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. உம்முடைய மகளுக்கு அப்போது இரண்டு வயது. அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நாம் இருவரும் ஒரே தெருவில் இருந்தோம், ஒன்றாகச் சமைத்தோம், ஒன்றாகக் கடைக்குப் போனோம். அவனைப் பற்றி மட்டும் பேசவில்லை. நீர் பேசாதது என்மேல் உள்ள கோபத்தால் என்றே நான் நினைத்திருந்தேன்.

அங்கிருந்து ரயில் ஏறி வோர்ம்ஸுக்குப் போனோம். அங்குள்ள பழைய யூத மயானத்துக்குள் நுழைந்தபோது எனக்கு அது மயானமாகவே தெரியவில்லை. முழங்கால் உயரப் புல். அதற்குள் நூற்றுக்கணக்கான கற்கள், ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்குமாகச் சாய்ந்து, நடந்து களைத்தவர்கள் நின்றபடி தூங்குவதைப் போல. எழுத்துகள் பாதி மழையில் கரைந்திருந்தன. சில கற்களின் தலையில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள்.

ஒரு வயதான பெண்மணி கல் ஒன்று வைத்துவிட்டு நிமிர்ந்தார். நீர் போய் அது எதற்கு என்று ஜெர்மனில் கேட்டீர். வந்து போனோம், மறக்கவில்லை என்று சொல்வதற்கு என்றார். அவருடைய பாட்டனார் குடும்பம் இந்த ஊராம். அவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். நீர் கொஞ்சம் தயங்கி, உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கே வைப்பீர்கள் என்று கேட்டீர்.

அவர் உம்முடைய நெற்றிப் பொட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கள் வீட்டில் அப்படிப் பலர். இந்த நாட்டிலிருந்து கொண்டு போனார்கள், ஒருவருக்கும் குழி இல்லை. நான் இங்கே வைக்கிறேன்" என்றார்.

நாங்கள் யூதர்கள் இல்லையே, வைக்கலாமா என்று நீர் கேட்டதற்கு, அவர் குனிந்து பாதையிலிருந்து ஒரு கல்லை எடுத்து உம்முடைய கையில் தந்தார். பெயரே வாசிக்க முடியாத ஒரு கல்லின்மேல் அதை வைத்தீர். அழவில்லை. இன்னொன்றைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினீர்.

"நீங்கள் சொல்லாட்டிலும் அவர் போயிருப்பார், மச்சாள். தாய்க்கு ஏலாதெண்டா அவர் இஞ்ச இருக்கிற ஆளே?"

கல்லை வைக்க இரண்டு தரம் முயல வேண்டியிருந்தது.

திரும்பும் ரயிலில் நெடுநேரம் ஜன்னலையே பார்த்திருந்தீர். மான்ஹைம் கடந்த பிறகு, "அவர் சின்னனில எப்பிடி? சொல்லுங்கோ" என்றீர். இத்தனை வருஷமும் கேட்கப் பயமாக இருந்ததாம். கதையாகச் சொல்லத் தொடங்கினால் ஆள் இல்லாமல் போய்விடுவார் என்று. பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குக் கல்யாணம் என்று பொய் சொல்லி அவன் லீவு எடுத்ததையும், வாத்தியார் வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டதையும் சொன்னேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நீர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தீர். ஸ்டுட்கார்ட் வரும்வரை அவன் எங்களோடு வந்தான்.

பொட்டை நீர் கடைசிவரை அழிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. போன குளிர்காலத்தில் நோயென்று படுத்த மூன்றே கிழமையில் போய்விட்டீர்.

உம்முடைய மகள் இப்போது ஞாயிறு தோறும் ஹம்பேர்க்கிலிருந்து போன் எடுக்கிறாள். தகப்பனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அவனைச் சிறுவனாகப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். இருப்பதை எல்லாம் கொடுக்கிறேன். போன கிழமை, அப்பா எதற்காவது பயப்பிடுவாரோ என்று கேட்டாள். தவளைக்கு என்றேன். கிணற்றடியில் ஒன்றைக் கண்டால் மாமரத்தில் ஏறிவிடுவான், நான் போய் விரட்டினால்தான் இறங்குவான் என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கும் தவளை எண்டாச் சரியான பயம், மாமி. வெக்கத்தில ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்குக்கூட."

உமக்கு இது தெரியாது, மச்சாள். அதுதான் எழுதுகிறேன்.