என் பாதிக் காராமணி

ஜூன் 4

இன்றும் அவர் வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்து இரண்டு முறை வாந்தி எடுத்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போன வருஷம் வரப்பிலேயே மயங்கி விழுந்தபோது, இனி மருந்து டேங்க்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். கேட்கிற ஆளா என் வீட்டுக்காரர்? கூலிக்கு ஆள் வைக்கலாமே என்றால், அவன் மட்டும் மனுஷன் இல்லையா என்கிறார். சரிதான். அடிக்காமலே விடலாமே என்றால் மட்டும் காது கேட்காது.

மல்லுக்கட்டித்தான் பாதிக் காராமணியை மருந்தில்லாமல் வளர்க்க அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அது தேறினால் அடுத்த விதைப்பு முழுக்க என் வழி. தேறாவிட்டால் நான் வாயே திறக்கக்கூடாது.

ஜூன் 9

என் பாதியில் அசுவினிப் பூச்சி. கொழுந்தெல்லாம் கறுப்பாக மொய்க்கிறது. போதாததற்கு, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த முள்ளு முள்ளான புழு வேறு. பார்க்கவே சகிக்கவில்லை. காலை முழுக்கக் குனிந்து ஒவ்வொன்றாக நசுக்கினேன். ஒன்றுகூட விடவில்லை. இடுப்பு போய்விட்டது, ஆனாலும் மனசுக்குள் ஒரே பெருமை.

ஜூன் 13

அசுவினி இரட்டிப்பு. சோப்புத் தண்ணீருக்கும் அடங்கவில்லை. அவர் டேங்க்கோடு வந்து நின்றார். நாளைக்கு என் பக்கமும் சேர்த்து அடித்துவிடுகிறாராம். கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினேன்.

ஜூன் 14

வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் நசுக்கிய புழுக்களைப் பற்றி அளந்துகொண்டே போனேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அக்கா, அது பொறிவண்டோட குஞ்சு. அந்த அசுவினியத் திங்கத்தான் வந்துச்சு."

ஐயோ. என் கையாலேயே... எனக்கு எதற்கு விவசாயம்?

அவள் இலையைத் திருப்பி, அடியில் மஞ்சள் முட்டைகளைக் காட்டினாள். இன்னும் இருக்கிறது! பொரித்துவரும்வரை மருந்து வாடைகூடப் படக்கூடாதாம். காற்றில் வந்தாலே செத்துவிடுமாம். அப்படியென்றால் அவரும் தன் பாதிக்கு அடிக்கக்கூடாது. அவர் பயிரையும் பணயம் வைக்கச் சொல்கிறேன் — எந்த முகத்தோடு?

கேட்டுவிட்டேன். புழுக் கதையையும் மறைக்கவில்லை. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஜூன் 17

இன்று அவர் தன் பாதிக்கு மருந்தடிக்க வேண்டிய நாள். டேங்க்கில் மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டதாம், போகவில்லை. அவர் குளிக்கப் போனதும் தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்தேன். ஜம்மென்று பீய்ச்சுகிறது. டேங்க்கை இருந்தபடியே வைத்துவிட்டேன்.

ஜூன் 21

குஞ்சுகள் பொரித்துவிட்டன!! அசிங்கமான முகம். என்ன அழகு!

ஜூன் 28

புதுக் கொழுந்து பச்சையாக வருகிறது. அவர் பாதிக்கும் பொறிவண்டு போயிருக்கிறது. நாசில் இன்னும் "அடைப்பு"தான்.

ஜூலை 11

இன்று பறிப்பு. என் பக்கம் காய் கொஞ்சம் குறைவுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். முதலில் போன கொழுந்தெல்லாம் என் புண்ணியம். நான் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவர் வந்து, செடியிலிருந்தே ஒரு பிஞ்சைப் பறித்து, கழுவாமல் கடித்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், இந்த வயலில் நின்று அவர் எதையும் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை.

"என்ன பாக்குற?" என்றார். "அடுத்த தடவை அந்தப் பக்கமும் நீ சொல்ற மாதிரியே செஞ்சிடலாம்."

சொல்லிவிட்டு இன்னொன்று பறித்துத் தின்றார்.