அடிக்கட்டையில் சொல்லாத பெயர்

கருநீர் மாதம், 4

கோயில் படியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன். கெத்தூ வந்து நின்றாள். மடியில் இன்றும் வேகவைத்த அவரைதான். துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்தவள், மீன் கூடை எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பித்தான் ஆக வேண்டும். கடல் கொண்டுபோனவனின் பெயரை ஒரு புதுக் கப்பலின் வயிற்றடியில் ஓடும் அடிக்கட்டையில் வாய் வைத்துச் சொல்லும்வரை அவனுக்குக் கரை இல்லை. அதுவரை அவன் வீட்டார் கடலில் கால் நனைக்கக் கூடாது, மீன் தின்னக் கூடாது. அவள் மகன் இரண்டு ஆள் வேலை செய்வான். தோணி ஏற முடியாமல் சாணி அள்ளுகிறான்.

அவள் புருஷன் புராக் எங்கள் வீட்டுத் துடுப்புக்காரன். எங்கள் கப்பல் 'நீர்க்காகம்' மூழ்கியபோது என் அண்ணன் தாவ்ரெனோடு போனவன். அண்ணன் கப்பல் தலைவன், இவன் துடுப்பு. குடித்தது ஒரே தண்ணீர். ஆனால் கப்பல் கட்டும் வீட்டுக்கு மட்டும் புதுக் கப்பல் இறங்கும் நாள்வரை தவணை உண்டு, எங்கள் வீட்டில் இன்னும் மீன்தான்.

"சாமி, உங்க வீட்டுப் புதுக் கப்பல் முடிஞ்சிருச்சாமே. எங்க ஆளு பேரு வருமா?"

வரும் என்றேன். யோசிக்கவே இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடல்தெய்வம் ஆழத்தாளின் நூல் சொல்கிறது: உன் பலகையிலிருந்து நான் எடுத்த ஒவ்வொருவரையும் எனக்குச் சொல். ஒவ்வொருவரையும்!

5

வராதாம்.

6

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. கோபத்தில்.

அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா தலை நிமிரக்கூட இல்லை. பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று சோழிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். பெயர் சொன்னால் அவன் எங்கள் மெராத் வீட்டுச் சாவு. அவன் வீட்டார் கப்பல் விருந்தில் எங்களோடு ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கேதான் முள் சிக்கியிருக்கிறது.

"துடுப்புக்காரன் பொண்டாட்டி என் பக்கத்துல உக்காந்து முள்ளு துப்புவாளா?" என்றாள்.

நூலில் உள்ளதைச் சொன்னேன்.

"நச்சத்திரம் பாக்கத் தெரியாம பாதியில ஓடி வந்தவன் எனக்குச் சட்டம் சொல்றான்."

நட்சத்திரம் தெரியாமல் நான் ஓடவில்லை. கப்பல் தலைவர்களுக்கான பள்ளியில் ஆழத்தாளைக் கும்பிடுவது காற்றில்லாத நாளுக்குப் பொழுதுபோக்கு என்று சிரித்தார்கள். அதனால் வந்தேன். அதுவும் ஓடவில்லை, கதவை உதைத்துவிட்டு நடந்துதான் வந்தேன். வம்சத்தில் ஒருவன் பூசாரியானது அம்மாவுக்கு இன்னும் தீராத அவமானம். ஆனால் இப்போது என்னை விட்டால் கதி இல்லை. அடிக்கட்டையில் சொல்ல அந்த வீட்டு ரத்தம் வேண்டும். வீட்டுக்குப் பூசாரி நான் ஒருத்தன்தான்.

9

அம்மா பெரிய பூசாரியிடம் போயிருக்கிறாள். அவர் என்னைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, தேன் மாதிரி பேசினார். உன் அம்மா யாரையும் விலக்கச் சொல்லவில்லை தம்பி, முதலில் பெரியவர்கள், பிறகு மற்றவர்கள், அவ்வளவுதானே என்றார்.

"தண்ணி யாருக்காகவும் நிக்காது. நாம என்ன செய்ய?"

அப்போதுதான் உறைத்தது. நீர் வற்றிக் கிடக்கும்போது தொடங்க வேண்டும். ஏறி வரும் நீர் அடிக்கட்டையைத் தொட்டால் வாயை மூடிவிட வேண்டும். அதற்குமேல் சொன்னால் கடலுக்குச் சொல்லும் பொய். அதனால் எல்லாப் பெரிய வீட்டிலும் என்ன செய்கிறார்கள்? ஏற்கனவே கரை சேர்ந்த பாட்டன் முப்பாட்டன் பட்டங்களையெல்லாம் மறுபடி இழுத்து இழுத்து ஓதுவார்கள். நடுவில் சங்கு வேறு. துடுப்புக்காரன் முறை வரும்போது தண்ணீர் வந்திருக்கும். ஐயோ பாவம் என்று கலைந்து போவார்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை! தண்ணீர்மேல் பழி! தலைமுறை தலைமுறையாக!

நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன்தானே. எப்படி உறைக்காமல் போனது?

11

நூலை முழுக்கப் படித்தேன். பெரியவர் முதலில் என்று எங்கும் இல்லை. வரிசை பற்றி ஒரே வரி: தலைவன் கடைசியில் இறங்குவான்.

போதும்.

12

இல்செ அக்கா வந்தாள். புதுக் கப்பலுக்கு அவள்தான் தலைவி. அண்ணனுக்குப் பிறகு அவள்.

"விட்டுத் தொலைடா யோரெத். அண்ணன் பேரச் சொல்லு, கப்பல் போகட்டும். நீ சண்டை போட வேற எடமே கெடைக்கலையா?"

அண்ணனாக இருந்தால் என்ன செய்வான் என்று கேட்டேன். கதவைச் சாத்தாமல் போனாள். கடைசிப் படகில் இடம் இருந்தும் அண்ணன் ஏறவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

16

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

கப்பலின் கீழே சேற்றில் மல்லாந்து படுத்தேன். மேலே மரம், வாய்க்கு நேராக. அம்மா பட்டுடுத்தி முழங்கால் சேற்றில் நின்றாள். ஒவ்வொரு பெயருக்கும் வீட்டுத் தலை 'எங்க ஆளு' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பெயர் சேரும். துடுப்புக்காரர் வீட்டார் தூரத்தில், பாசி ஒதுங்கிய கோட்டுக்கு அப்பால் நின்றார்கள். அதைத் தாண்ட அவர்களுக்கு அனுமதி இல்லை.

சங்குக்காரனைக் கையைக் காட்டி நிறுத்தினேன். மரத்தில் வாய் வைத்து, புராக் என்றேன்.

பதில் இல்லை.

மறுபடி சொன்னேன். அம்மாவின் கால்களை மட்டும் பார்க்க முடிந்தது. அசையவில்லை.

"தாவ்ரென் பேர மொதல்ல சொல்லு," என்றாள்.

"தலைவன் கடைசியிலம்மா. உன் மகன் அப்படித்தான் போனான்."

அதன் பிறகு எவ்வளவு நேரம் போனதோ. நான் புராக் என்பேன், அவள் வாயே திறக்க மாட்டாள். என்ன பிடிவாதம்! என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அங்கே படுத்துக்கொண்டுதான் புரிந்துகொண்டேன். முதுகுக்கடியில் சேறு குளிர்ந்தது. தண்ணீர் வரும் சத்தம், நாய் நக்குவது போல. அக்கா குரல் உடைந்து கேட்டது: "சொல்லும்மா. தண்ணி வருது. அண்ணன் பாக்கி."

அம்மா சொன்னாள். மென்று துப்புவது போல. எங்க ஆளு.

பிறகு ஓடினோம். நான் ஒரு பெயர், அவள் ஒரு பதில். வாய் ரொம்ப வேகம் என்று பள்ளியில் என்னை அடித்த வாத்தியார் கேட்டிருக்க வேண்டும். கடைசித் துடுப்புக்காரன் பெயருக்கு அவள் பதில் சொல்லி முடித்தாள். அண்ணன் பெயருக்கு மூச்சு இழுத்தேன். இழுத்த மூச்சிலேயே பார்த்தேன். கால் பக்கம், கடலை நோக்கித் தாழ்ந்த முனையில், மரம் நனைந்திருந்தது.

நான் மட்டும்தான் பார்த்தேன். கீழே வேறு யாரும் இல்லை. சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. "சொல்லு," என்றாள் அம்மா. மறுபடி, "சொல்லுடா."

ஆழத்தாளுக்குத் தெரியுமே.

ஊர்ந்து வெளியே வந்து, தண்ணீர் தொட்டுவிட்டது என்றேன். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குனிந்து, நீரில் நின்ற தன் கால்களைப் பார்த்தாள். பிறகு பாசிக் கோட்டைத் தாண்டி ஏறினாள். இனி கால் நனைக்கக் கூடாது இல்லையா. அவளும். அக்காவும். நானும்.

17

ஏன் தாயே? ஒரு மூச்சு. ஒரு மூச்சு நேரம் பொறுத்திருக்க மாட்டாயா? உன் சட்டத்துக்காகத்தானே எங்க அம்மாகிட்ட சண்ட போட்டேன்? எவன் எவன் பேரையோ வாங்கிக்கிட்ட, எங்க அண்ணன் பேரு மட்டும் கசக்குதா?

எவன் எவன் என்று எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை. இருக்கட்டும். எழுதியது நான்தான்.

19

கப்பல் போய்விட்டது. எங்கள் வம்சத்து ஆள் ஒருவரும் இல்லாமல், பழைய சுக்கான்காரர் தலைமையில். கெத்தூவின் மகன் துடுப்பில் இருந்தான். அக்கா பாசிக் கோட்டுக்கு மேலே நின்று, பாயை இறக்கிக் கட்டச் சொல்லிக் கத்தினாள். அங்கிருந்து யாருக்கும் கேட்டிருக்காது.

20

விருந்து. ரத்துசெய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. 'எங்க ஆளு' என்று சொன்ன வாக்கு வாக்குதான் என்றாள், என்னைப் பார்க்காமல். பலகை நெடுக மீன். எங்கள் மூன்று பேர் முன்னால் மட்டும் வெறும் தட்டு. சமையல்காரர்களுக்கு மீனைத் தவிர வேறு செய்யத் தெரியவில்லை. இந்த வீட்டில் இதுவரை தேவைப்பட்டதில்லை.

கெத்தூ என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீனைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தின்றாள், முள்ளை ஓசையில்லாமல் கையில் எடுத்து வைத்து. அம்மா அவளிடம், உங்கள் ஆள் எந்தத் துடுப்பு என்று கேட்டாள்.

"பின்னாடித் துடுப்பும்மா. தலைவர் காலுக்குப் பக்கத்துல."

கெத்தூ மடியை அவிழ்த்தாள். பழக்கத்தில் இன்றும் அவரையை முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். அம்மாவின் தட்டில் வைத்தாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டுக்கங்க. அப்பத்தான் எறங்கும்."

அம்மா உப்புக் கிண்ணத்தை எடுத்துத் தூவிக்கொண்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளினாள்.