ஒன்பது செவ்வாய்க்கிழமை

டோர்செட் பார்க், ரொறொன்ரோ,
பங்குனி 12

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் றூபன் அண்ணாவும் நல்ல சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்கும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை, கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், அப்பா பேசாமல் சாப்பிட்டுவிட்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். வாட்ஸ்அப்பில் உன் முகத்தைப் பார்த்தால் இதைச் சொல்ல மாட்டேன், அதுதான் கடிதம். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், ஆறுதலாக வாசி.

செக் நாட்டு ஐஸ் ஹொக்கி கிளப் இன்னும் இரண்டு வருஷம் விளையாடக் கேட்கிறது, மாதம் முடிய முன்னம் பதில் சொல்ல வேணும், அந்தோனியாரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ அம்மா என்றாய். பிள்ளை, நான் அவரிடம் முன்னமே கேட்டுவிட்டேன். போன புரட்டாதியில் தொடங்கி ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் நவநாளுக்குப் போனேன். உன்னை அணியிலிருந்து நிப்பாட்ட வேண்டும், நீ வீட்டுக்கு வர வேண்டும், வந்தால் ஏழைகளுக்குப் பசியாற நூறு பாண் கொடுக்கிறேன் என்று நேர்த்தி வைத்தேன். ஒன்பதாம் செவ்வாய் காலைப் பூசை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன், போன் வருகிறது, பயிற்சியில் ஐஸ் ஓரத்துப் பலகையோடு மோதிக் காறையெலும்பு முறிந்து நீ ஆஸ்பத்திரியில் என்று. ஐயோ, நானே முறித்தது போல இருந்தது. இவ்வளவு மாதமும் ஒருவருக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமைதான் அப்பாவிடம் சொன்னேன். உனக்கென்ன விசரே, அந்தோனியார் என்ன உன்ரை ஏஜென்டே என்று ஏசினார். ஏழு வயதில் பெடியங்களோடு விளையாட விட்டது நாங்கள்தானே, விடியக் காலமை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு ஏத்திக்கொண்டு போனது நான்தானே, இங்கை ரொறொன்ரோ அணி எடுக்காத பிள்ளையை அங்கை உதவிக் கப்டனாக்கி வைச்சிருக்கிறாங்கள், நீ போய் நிப்பாட்டச் சொல்லிக் கேட்டனியே என்றார்.

நான் அப்படி நேர்த்தி வைத்ததற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை மகள், உண்மையைச் சொல்கிறேன். கீழ்வீட்டுக் கஜனி அன்ரி லிஃப்டில் காணும்போதெல்லாம், உவள் எப்ப வாறாள், உந்த விளையாட்டுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களே என்று கேட்பா. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அது எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

நேற்றுச் செவ்வாய் றூபனின் காரில் நூறு பாணையும் ஏற்றிக்கொண்டுபோய், கோயிலில் சாப்பாடு கொடுக்கிற இடத்தில் கொடுத்துவிட்டேன். ஏனம்மா, அவள் இன்னும் வரவில்லையே என்று அவன் கேட்டான். அதற்காகத்தான் கொடுத்தேன், நேர்த்திக் கணக்கை அதோடு முடித்துவிட. இனி அந்தோனியாருக்கும் எனக்கும் உன்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, இவள் விஷயத்தில் நான் கேட்டால் காது கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே நீயே முடிவெடு. என்னைக் கேளாதே, கேட்டால் வா என்றுதான் சொல்லுவேன். கோபம் வந்தால் ஏசு, ஆனால் போன் எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. கிளப்புக்குச் சொன்ன பிறகு எனக்குச் சொல். தோளுக்குச் சித்தாலேப்பைத் தைலம் பூசு, வெறும் வயிற்றோடு பயிற்சிக்குப் போகாதே.

நீ அங்கே நிற்பதென்றால் மார்கழியில் நத்தாருக்கு நாங்கள் அங்கே வருகிறோம். உன் ஒரு ஆட்டத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை, செபமாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன், எத்தனை கோல் என்று அப்பா சொல்லித்தான் தெரியும். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு இருப்பேன், மாதா உன்னோடு இருக்கட்டும்.

உன் அம்மா,
மரியம்மா