பின்னால் வருபவனுக்குக் காட்டும் கை

இன்று காலை பக்கத்து வீட்டில் குழந்தைக்கு ஓமம் கொதிக்க வைத்தார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். நீ போனதிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஓமம் வருவதில்லை. ஏன் என்று மனைவி கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதுகிறேன். தெரிந்தும் என்னிடம் மறைத்தாயே, அதற்காக.

சனிக்கிழமைதோறும் ஒரு குழுவோடு காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரமாக ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை நாம் இருவர் மட்டும் சைக்கிளில் பழவேற்காடு போய்த் திரும்புவது. அலுவலகத்தில் எனக்குப் பின்னால் வந்தவனை எனக்கு மேலே உட்கார வைத்த வருஷம், நீதான் என்னை இதற்குள் இழுத்துவிட்டாய். "வூட்ல கத்திகினு கெடக்கறதுக்கு ரோட்ல ஓடு மாமு" என்றாய். துறைமுகத்தில் நாளெல்லாம் கிரேன் மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படிப்பட்ட கால்கள் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து உன்னை எதிலும் நான் முந்தியதில்லை. ஞாயிறுதோறும் திரும்பும் வழியில் எண்ணூரிலிருந்து டோல்கேட் வரை பந்தயம் வைப்போம். தோற்றவன் டீ வாங்க வேண்டும். எப்போதும் நான்தான் வாங்கினேன்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை ஓட்டத்தின் நடுவே, கடலோரப் பாறைகளின் பக்கம் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டினாய். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் உட்கார்ந்தாய்.

"இந்த வயசுல லேஸ் கட்டக்கூட வரலையா?" என்றேன்.

"ஷூ கலீஜா பூட்சு மாமு. மாத்தணும்."

மறுநாள் பழவேற்காட்டிலிருந்து திரும்பும்போது எண்ணூரில் நம் அண்ணாச்சி கடையில் நின்றோம். நீ நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

"என்ன தம்பி, இப்படி வேத்து ஊத்துது?" என்றார் அண்ணாச்சி.

"கேஸு அண்ணாச்சி. காலைல வடை துன்னேன், நெஞ்சாண்ட நின்னுகினு கீது."

"ஓமத் தண்ணி தாரேன், ஒரே மடக்கா குடிங்க. எல்லாம் எறங்கிரும்."

குடித்தாய். பெரிதாக ஏப்பம் விட்டாய். "பாத்தியா, பூட்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். நம் ஊர்ப் பக்கத்தில் கழுத்துக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே எது வலித்தாலும் அது கேஸ்தான். அண்ணாச்சிக்கும் அப்படித்தான், வேதியியல் படித்து மணலியில் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கும் அப்படித்தான். நானும் தலையாட்டினேன். நம் மூன்று பேருக்கும் நடுவே அந்தக் கண்ணாடி டம்ளரில் ஓம வாசனை இருந்தது.

சைக்கிளில் முன்னால் போகிறவனுக்கு இரண்டு வேலை. எதிர்காற்றைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளம் வந்தால் இடது கையை இறக்கிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் அந்தக் கையை நம்பி வருவான். இத்தனை வருஷமும் முன்னால் போனது நீ. உன் முதுகும் இடது கையும் எனக்கு மனப்பாடம்.

அன்று, "நீ முன்னாடி போ மாமு" என்றாய்.

"என்ன, விட்டுக் குடுக்கறியா?"

"ஆங், மூஞ்சப் பாரு. காத்து இன்னான்னு நீயும் கொஞ்சம் வாங்கு."

கோபத்தில்தான் கிளம்பினேன். உப்புக் காற்று முகத்தில் அறைந்தது. கன்டெய்னர் லாரிகள் உரசுவது போலக் கடந்தன. பின்னாலிருந்து உன் குரல் வந்தது: "கைய காட்டுறா. பின்னாடி ஒர்த்தன் வரான்ல."

காட்டினேன். வழியெல்லாம் பள்ளம், வழியெல்லாம் காட்டினேன். டோல்கேட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. வெகுநேரம் கழித்து வந்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய், உன் டீயைக் குடிக்கவில்லை. "ஜெயிச்சிட்ட" என்றாய். பிச்சை போடுகிறாய் என்று நினைத்தேன். "அடுத்த வாரம் ஒழுங்கா ஓட்டு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் விடியும் முன் உன் மனைவி போன் செய்தாள். "அண்ணே, அவரு பூட்டாரு" என்றாள். "யாரு?" என்றேன். உன் பெயரைச் சொன்னாள். மறுபடியும் "யாரு?" என்றேன். சர்க்கரை எனக்கு. ரத்தக் கொதிப்பு எனக்கு. நம் இருவரில் யார் முதலில் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மூலக்கொத்தளம் மயானத்தில் உன்மேல் மண் விழும் சத்தம் கேட்டபோதும் நான் அதே கேள்வியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நம் ஓட்டக் குழுவில் ஒருவன், பாதி வழியில் இட்லிக் கடையில் உட்கார்ந்துவிடுபவன், "ஓவரா ஓடிட்டாரு சார்" என்றான். அவனோடு இன்றுவரை பேச்சில்லை. அன்று மாலை குழுவின் வாட்ஸ்அப்பில் உனக்காக ஒரு பூப்படம் வந்தது. அதற்குக் கீழேயே அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஓட்டம் என்று ஒருவர் கேட்டிருந்தார். வெளியேறிவிட்டேன்.

காரியத்தன்று உன் மனைவி கேட்டாள்: "ரெண்டு நாளா நெஞ்சு பெசையுதுன்னாரு. ஒங்களாண்ட சொல்லலையாண்ணே?"

இல்லை என்றேன்.

"நைட்டு சோறு துன்னும்போதுகூட சிரிச்சிகினே கீறாரு. இன்னிக்கி அவன் ஜெயிச்சிட்டான்டி, எத்தினி வருசத்து ஆசைன்னு."

அந்த வார்த்தையிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. வலியை அவளிடம் சொன்னாய். என்னிடம் லேஸைச் சொன்னாய், வடையைச் சொன்னாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே ஆட்டோ பிடித்திருப்பேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவன் பின்னால் வர, முன்னால் போய் ஜெயித்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இப்போது ஞாயிறுகளில் எண்ணூர் வரை தனியாகப் போய் வருகிறேன். அந்தக் கடையில் நிற்பதில்லை. போன வாரம் பைக்கில் வந்த ஒருவர் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னா சார், யாருக்கு கை காட்டிகினே போறீங்க? பின்னாடி யாரையும் காணோமே."

அவர் போய்விட்டார். அடுத்த பள்ளம் வந்தது. இடது கையை இறக்கிக் காட்டினேன்.