பூட்டிய அறைக்குள் ஒரு குழாய்

ஜனவரி 12, திங்கள்

நான் வேலை செய்யும் பங்களாவின் சுடுதண்ணீர் பொய்லரைக் காலையில் கழுவி, மறுபடி தண்ணீர் நிரப்பினேன். கீழ்க்குழாய்கள் இருமி இருமித் துப்பின. உள்ளே காற்று அடைத்திருந்தது. அதை வெளியேற்ற ஆக உயரத்தில் உள்ள குழாயைத் திறக்க வேண்டும். அதுவோ மாடியில், முதலாளியின் பூட்டிய அறைக்குள்.

மெனேஜர் அவசரப்பட்டார். "நாலு மணிக்கு கெஸ்ட் வந்துருவாங்க செல்வி. நெருப்பப் போடுங்க."

"காத்து போகாம போட மாட்டேன் சேர். மாடிச் சாவியக் குடுங்க."

"மொதலாளிய கேக்காம எப்புடி? அவரு போன எடுக்கலயே."

நான் விறகைத் தொடவில்லை. போன வருடம் இதே அவசரத்தில் காற்றை வெளியேற்றாமல் மூட்டியபோது, குழாயிலிருந்து ஆவியும் கொதிநீரும் பீறிட்டு என் மணிக்கட்டை வேகவைத்தன. அந்தத் தழும்பைக் காட்டினேன். மெனேஜர் மாடிச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

மாடிக் குழாய் சீறியது, செந்தண்ணீரைக் கக்கியது, பிறகு நிதானமாக ஓடியது. அப்புறம்தான் நெருப்பு மூட்டினேன். விருந்தாளிகள் சுடுநீரில் குளித்தார்கள்.

முதலாளி அறையின் வெள்ளைக் குளியல் தொட்டியில் விழுந்த துருக்கறை மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. முதலாளி நாளை வருகிறார். அறையைத் திறந்தது யார் என்று கேட்டால், நான்தான் என்பேன். ஏன் என்று கேட்டால், தழும்புள்ள மணிக்கட்டை நீட்டுவேன்.