காரமடை வழியாகப் போன என் இரத்தம்

ஜெகதளா
வியாழக்கிழமை

மாமாவுக்கு, உங்கள் மனைவி கோகிலவாணி எழுதுவது. நீங்களும் அத்தையும் நலந்தானே? போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

விரல்கள் மரத்துப்போனதைக் குளிர் என்றே நினைத்திருந்தேன். இந்த மலைக்குளிரில் எங்கள் ஃபேக்டரி ஆபீஸில் எல்லோருக்கும் மரத்துப்போகிறதே! கணப்பில் கையைக் காட்டினேன். தோல் கொப்பளித்தும் சுடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"இது குளிர் இல்லீங்க. உங்க உடம்பே உங்க நரம்பைத் தாக்குதோன்னு சந்தேகமா இருக்குதுங்க" என்றார்.

தாக்குகிற ஆன்டிபாடி இருக்கிறதா, நரம்பு எவ்வளவு சிதைகிறது என்பதையெல்லாம் இரத்தமே காட்டுமாம். மருந்து கேட்கிறதா என்று மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்களாம். என் இரத்தம் கோவைக்குப் போயிருக்கிறது. காரமடையில் நம் கடை வாசலைத் தாண்டித்தான் போயிருக்கும். நான் மட்டும் இங்கே உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் போனைப் பார்க்கிறேன்.

பொத்தான் இல்லாமல் தலைவழியாகப் போடுகிற ஸ்வெட்டர் ஒன்று அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம், கடையைப் பாருங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

கோகிலவாணி

அண்ணா, இது அக்காவின் கையெழுத்து இல்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். அவர் சொல்லச் சொல்ல எழுதியது நான், பக்கத்து அறை மனிஷா. அவர் விரலில் பேனா நிற்கவில்லை. ஸ்வெட்டரை நீங்களே கொண்டு வாருங்கள்.